பாட்டை விற்பதா, யூடியூபில் போடுவதா, ஸ்ட்ரீமிங்கில் விடுவதா? ராமநாதபுரம் கரையோரச் செட்டுகளுக்கான ஒப்பீடு

தொண்டியிலிருந்து பாம்பன் வரைக்கும், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் கரையோர ஊர்களில் பாட்டுக்குப் பஞ்சம் வந்ததில்லை. முளைப்பாரிக் கும்மி, ஒயிலாட்டப் பாட்டு, வலை இழுக்கையில் பாடும் அம்பா, அந்தோணியார் தேர்ப்பவனிப் பாட்டு, தப்ஸ் அடித்துப் பாடும் இஸ்லாமியப் பாட்டு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு செட்டு, அதாவது பாட்டுக்குழு, இருக்கிறது. கேசட்டும் சிடியும் போன பிறகு இந்தச் செட்டுகளுக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. பாட்டை ஒரு ஆடியோ நிறுவனத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்கலாம். சொந்தமாக யூடியூப் சேனல் நடத்தலாம். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோகஸ்தர் மூலம் ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்ற தளங்களில் ஏற்றலாம்.

2024-இல் உலகப் பதிவிசை வருமானம் 2,960 கோடி டாலர்; அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங்கில் வந்தது. ஆனால் அந்தப் பணம் பங்கு பிரிந்து கரைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகள் அதில் படுகின்றன என்பது செட்டு தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்தது. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாஸ்டரை, அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமையை, விற்கக் கூடாது. யூடியூபும் விநியோகஸ்தரும் இரண்டுமே வேண்டும். செட்டின் உழைப்பில் பெரும்பகுதி யூடியூபுக்குப் போகட்டும்.

மொத்தமாக எழுதிக் கொடுப்பது

இதன் கவர்ச்சி வெளிப்படை. பதிவுச் செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும், கையில் ஒரு தொகை கொடுக்கும், பாட்டு அவர்களுடைய பெரிய சேனலில் வரும். ஆனால் சட்டப்படி ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர், அதை எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்ற தயாரிப்பாளர்தான்; பாடியவர் அல்ல. நிறுவனம் ஸ்டுடியோ வாடகை கட்டினால் மாஸ்டர் அவர்களுக்கு. ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். இருபத்தைந்து வயதில் பாடிய பாட்டு, எண்பத்தைந்து வயதிலும் இன்னொருவர் சொத்து.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய வரி, ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்பது. காலம் எழுதப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவே எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டத்தான் அந்த வரியைச் சேர்க்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் அதை அடித்துவிட்டு, ‘3 ஆண்டு உரிமம்’ என்று மாற்றக் கேட்கலாம். மறுத்தால் எழுந்து வரலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது. அந்தப் பங்கைக் கேட்டுப் பெற, பாட்டு எழுதுவோருக்கும் இசையமைப்போருக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விழுக்காட்டோடு பதிய வேண்டும். பதியாத பாட்டுக்குப் பணம் தேடி வராது. இந்த ஏற்பாடு எழுதியவர், இசையமைத்தவருக்கு மட்டும். தவில், பம்பை, உறுமி வாசித்தவர்களுக்கு இதில் பங்கில்லை. அவர்களுக்கு உரியதைச் செட்டுக்குள்ளேயே எழுதி வைக்க வேண்டும்.

சொந்தச் சேனல்

கரையோரத்தில் ஆட்கள் பாட்டுக் கேட்பது பெரும்பாலும் யூடியூபில்தான். விளம்பர வருமானம் தொடங்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடிப் பார்வை. நீள வீடியோ விளம்பர வருவாயில் 55 சதவீதம் சேனலுக்கு, ஷார்ட்ஸில் 45.

இந்த 4,000 மணி நேரத்தில்தான் பல செட்டுகள் திணறுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் வழி தெரியும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டைச் சராசரியாக 4 நிமிடம் கேட்டால் 60,000 பார்வை தேவை. அதே கும்மிப் பாட்டுகளை ஒரு மணி நேர நான்ஸ்டாப்பாகக் கோத்து, சராசரி 20 நிமிடம் ஓடினால் 12,000 போதும். சமைத்துக்கொண்டோ வலை பின்னிக்கொண்டோ கேட்பவர்கள் நான்ஸ்டாப்பை நிறுத்துவதில்லை. தனிப்பாட்டையும் போடுங்கள்; ஆனால் மணி நேரம் சேர்ப்பது நான்ஸ்டாப்தான். மைக்செட்காரர்கள் பாட்டைப் பென் டிரைவில் இறக்கிக் குழாய் ஒலிபெருக்கியில் திருவிழா முழுக்க ஓட்டினாலும் அது சேனல் கணக்கில் சேராது. அவர்களிடம் சேனலிலிருந்தே ஓட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

பார்வை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதும் பணத்தை மாற்றும். விளம்பர விலை நாட்டுக்கு நாடு வேறு. வளைகுடா, சிங்கப்பூர்ப் பார்வைக்கு உள்ளூர்ப் பார்வையைவிட மதிப்புக் கூடுதல். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் வீடுகளிலிருந்து வெளிநாடு போனவர்கள் எத்தனை பேர் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள். ‘அம்மன் பாட்டு’ என்று தேடினால் லட்சம் வரும். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் சேர்த்துத் தேடுபவர் அந்த ஊர்க்காரர்தான்.

பணம் கைக்கு வரும் இடத்திலும் சில கண்ணிகள். விளம்பரப் பணத்தைக் கொடுக்கும் கூகுளின் ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் பின் எண் சாதாரணத் தபாலில் வரும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கதவு எண் இல்லாத குப்பத்து வீடுகளுக்கு இது வந்து சேராது. தபால்காரருக்குத் தெரிந்த கடை அல்லது கோயில் பெயரை முகவரியில் சேர்க்க வேண்டும். 100 டாலர் ஆன பிறகே பணம் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிக்கான டபிள்யூ-8பென் படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்பினால், அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த தொகையில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம்.

பெரிய ஆபத்து மெட்டு. சினிமா மெட்டில் சாமி பாட்டு எழுதுவது இங்கே நெடுநாள் வழக்கம். கோயில் சடங்கில் நேரில் பாடுவதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. அந்த விலக்கு பதிவேற்றத்துக்குக் கிடையாது. கவர் பாட்டுக்கான 31சி பிரிவும் கைகொடுக்காது. மூலப் பாட்டு வெளிவந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும், பாட்டையும் மாற்றக் கூடாது. சொல்லை மாற்றினாலே அனுமதி வேண்டும். அனுமதியின்றிப் போட்டால், உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி மெட்டைப் பிடித்து, வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பும்.

அதே கன்டென்ட் ஐடி சில சமயம் நம்முடைய சொந்தப் பாட்டையே இன்னொருவர் பெயரில் பிடிக்கும். அப்போது பதறி வீடியோவை நீக்க வேண்டாம். ஐந்து நாளுக்குள் மறுப்புத் தெரிவித்தால் முதல் நாளிலிருந்து வந்த பணம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். பதிவின்போது எடுத்த தனித்தனி ட்ராக்குகள்தான் சாட்சி; அதனால் ஸ்டுடியோவிலிருந்து மிக்ஸ் ஆன கோப்பை மட்டும் வாங்கி வராதீர்கள், ஒவ்வொரு வாத்தியத்தின் ட்ராக்கையும் ஹார்ட் டிஸ்கில் வாங்குங்கள்.

விநியோகஸ்தர் வழி ஸ்ட்ரீமிங்

தளங்களின் நிலைமை ஆட்டம் கண்டுகொண்டே இருக்கிறது. கானா 2022-இல் கட்டணத் தளமானது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. ஒரே தளத்தை நம்பக் கூடாது என்பதாலேயே எல்லாவற்றுக்கும் அனுப்பும் விநியோகஸ்தர் தேவை.

விநியோகஸ்தர்கள் இரண்டு வகை. ஆண்டுச் சந்தா வாங்கி வருமானத்தை முழுதாகக் கொடுப்பவர்கள். டிஸ்ட்ரோகிட் அந்த வகை. சந்தா இல்லாமல் பங்கு எடுப்பவர்கள். ரூட்நோட்டின் இலவசத் திட்டம் 15 சதவீதம் எடுக்கும். முதல் வகையில் ஒரு ஆண்டு சந்தா கட்டத் தவறினால் பாட்டே தளங்களிலிருந்து இறங்கிவிடும். கட்டுகிறவரின் கார்டு காலாவதியானதே தெரியாமல் போவது உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூட உறுதியாக வராத செட்டுக்குப் பங்கு முறையே பொருத்தம்.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு ட்ராக் முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் பதிவு ராயல்டி. பழைய கேசட் பழக்கத்தில் பத்துப் பாட்டை ஒன்றாக இறக்கி, ஒவ்வொன்றும் 600 ஓடினால் கிடைப்பது பூஜ்யம். மூன்று பாட்டு இறக்கி மூன்றையும் ஆயிரம் தாண்ட வைப்பது மேல். தாண்டினாலும் ஒரு ஓட்டத்துக்கு நிலையான விலை கிடையாது. தளத்தின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதை மொத்த ஓட்டத்தில் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். ஒரு முளைப்பாரிப் பாட்டு, சென்னையின் பெரிய சினிமாப் பாட்டுகளோடு ஒரே உண்டியலில் பங்கு கேட்கிறது.

அப்படியானால் எதற்கு இந்த வழி? ரீல்ஸுக்காக. விநியோகஸ்தர் அனுப்பினால்தான் பாட்டு இன்ஸ்டாகிராமின் இசைப் பட்டியலில் செட்டின் பெயரோடு வரும். இல்லாவிட்டால் யாரோ வெட்டிப் போட்ட துண்டு ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று அவர் பெயரில் பரவும். கடலில் எடுத்த படகு வீடியோக்களுக்கு அம்பா எவ்வளவு பொருந்தும் என்பதை நினைத்தால், இந்த ஒன்றுக்காகவே ஏற்றலாம்.

ஏற்றும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சிறியவை, ஆனால் தீராதவை. வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவை அனுப்பாதீர்கள், அது சுருங்கி வந்தது, 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு வேண்டும். அட்டைப்படம் 3,000-க்கு 3,000 பிக்சல். பாடகர் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி எழுதுங்கள். மூன்று விதமாக எழுதினால் மூன்று பாடகர் பக்கம் உருவாகும். ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை நோட்டில் குறித்து வையுங்கள். விநியோகஸ்தரை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய ஓட்டக் கணக்கு தொடரும்.

ஒலி அளவு பற்றி: ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டிச் சமப்படுத்துகின்றன. திருவிழாக் குழாய்க்கென்று நசுக்கி ஏற்றிய மிக்ஸை அவை இறக்கிவிடும். அப்போது பம்பையின் அடி செத்து, வெறும் இரைச்சல் மிஞ்சும். உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள் நிற்கட்டும். கடற்கரை ஊரில் கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் ஏறிப் படபடவென்று சத்தம் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். குரலுக்கு அதுவும், தவிலுக்கு டைனமிக் மைக்கும் போதும்.

விநியோகஸ்தரின் படிவத்தில் கன்டென்ட் ஐடி பெட்டியை டிக் செய்யுமுன் ஒரு கேள்வி: பாட்டில் விலைக்கு வாங்கிய லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஆயத்த இசைத் துண்டு, இருக்கிறதா? இருந்தால் வேண்டாம். அதே லூப் ஆயிரம் பேரிடம் இருக்கும். அவர்கள் பாட்டையெல்லாம் உங்கள் பெயரில் பிடித்து, கணக்கே முடங்கும். வழிவழி வந்த அம்பாவுக்கும் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது. பக்கத்து ஊர்ச் செட்டும் அதே மெட்டைத்தான் பாடும். டிக் செய்தால் சொந்தச் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.

பாம்பனின் ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலியையும் சொல்ல வேண்டும். அங்கே ராயல்டியை எதிர்பார்க்க வேண்டாம். மீனவர்களுக்கென்றே நடக்கும் வானொலியில் பாட்டு ஒலிப்பதற்கு வேறு மதிப்பு. திருவிழாக் கமிட்டி அட்வான்ஸ் கொடுத்து அழைப்பது ஓட்டக் கணக்கைப் பார்த்து அல்ல, காதில் விழுந்த பாட்டைக் கேட்டுத்தான். மேடைச் சம்பளம் இன்றும் மூன்று வழிகளையும்விடப் பெரிது.

இயந்திரக் குரல்

மூன்று வழிகளையும் இப்போது ஒரே விஷயம் அரிக்கிறது. சூனோ, யூடியோ போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஐந்து நிமிடத்தில் ஒரு அம்மன் பாட்டு தயாராகிறது. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபை, ஒரே ஆண்டில் 7.5 கோடிக் குப்பை ட்ராக்குகளை நீக்கியதாகச் சொன்னது. சூனோவின் இலவசத் திட்டத்தில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அது தெரியாமல் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். குரலைப் பொறுத்தவரை நல்ல முன்மாதிரி உண்டு. 2024-இல் ஏ.ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தே பயன்படுத்தினார். எந்த ஒப்பந்தத்திலும் ‘குரலை இயந்திரப் பயிற்சிக்கோ நகலெடுக்கவோ எழுத்து அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மொத்தமாக எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வரி இல்லாமல் பேச இடமிருக்காது.

எப்போது பதிவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையில் காசு குறைவு, ஆனால் செட்டு முழுதும் கரையில் இருக்கும். பதிவுக்கு ஏற்ற காலம் அதுதான். மே மாதத்துக்குள் பதிவை முடித்து, யார் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். ஜூன் கடைசியில் விநியோகஸ்தரிடம் ஏற்றி, வெளியீட்டுத் தேதியை ஆடி பிறப்பை ஒட்டி ஜூலை நடுவில் வையுங்கள். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்ப வேண்டும். யூடியூப் வீடியோ அதே நாளில் வரட்டும், அதற்கு முன்பு வேண்டாம். முந்தி வந்தால் யாராவது ஒலியை உருவி, உங்களுக்கு முன்னால் விநியோகஸ்தரிடம் ஏற்றிவிடுவார்கள். வீடியோவுக்கு டிரோன் பறக்க விடுவதானால், உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருப்பதை மறக்காமல், டிரோன் பறக்கலாமா என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறம் சிவப்பா பச்சையா என்று முதலில் பாருங்கள்.