ஊட்டியில் விண்டர்கிரீன் தைலம் வாங்கப் போகிறவர்களுக்கு

அம்மாவின் முழங்கால் வலிக்காக ஊட்டியில் ஒரு தைலக் கடையில் விண்டர்கிரீன் தைலம் (விண்டர்கிரீன் செடியின் இலையில் காய்ச்சும் வலித் தைலம்) வாங்கினேன். 100 மில்லி 700 ரூபாய். "இலையில காய்ச்சினது சார், கெமிக்கலே கிடையாது. சின்னப் பிள்ளைக்கும் தடவலாம். சளின்னா வெந்நீர்ல ரெண்டு சொட்டு விட்டுக் குடிங்க" என்றார் கடைக்காரர். பாட்டிலில் தயாரித்தவர் முகவரி இல்லை, தேதி இல்லை. பச்சை இலைப் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிப் பார்த்தேன். எல்லாம் மேலே வந்து மிதந்தது. நீலகிரித் தைலம் மிதக்கும், சரி. விண்டர்கிரீன் தைலம் தண்ணீரைவிடக் கனம், அடர்த்தி 1.18 அளவில் இருக்கும். அடியில் போய் உட்கார வேண்டும். மிதக்கிறது என்றால் பாதிக்கு மேல் வேறு ஏதோ எண்ணெய். வாசனையை வைத்து ஏமாந்துவிடாதீர்கள், கொஞ்சம் கலந்தாலே மூக்கைத் துளைக்கும்.

மூழ்கினாலும் அது இலையில் காய்ச்சியதுதான் என்று சொல்ல முடியாது. இந்த இலைத் தைலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் மெத்தில் சாலிசிலேட் என்ற, ஆஸ்பிரின் இனத்து வேதிப்பொருள். அதையே சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் வைத்து ஆலையில் மலிவாகச் செய்கிறார்கள். வலிக்குத் தடவும் களிம்புகள் பலவற்றில் இருப்பதும் இதுதான். 'கெமிக்கலே இல்லை' என்பது சுத்தப் பொய். தைலமே அந்தக் கெமிக்கல்தான்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த 'குடிங்க' தான் எனக்குப் பொறுக்கவில்லை. கலப்படமில்லாத தைலம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். குழந்தையின் உயிரையே வாங்கிவிடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தடவவே கூடாது. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அம்மா அந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார். இதைக் கடையில் சொன்னபோதும், "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றே பதில் வந்தது.

போன் செய்து கேட்டதற்கு, "பிரிச்ச பாட்டிலை எடுக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டார்கள். பில்லும் தரவில்லை, ஜிபே ரசீதும் பாட்டில் படமும் இருந்ததால், நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். முகவரி, தேதி, விலை அச்சிடாத பாட்டிலை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.