கல்லா, விளக்கா?

கொண்ட கொள்கைக்காக உயிர் விட்டவரைத் தூபி கட்டி நினைப்பதா, ஆண்டுதோறும் கூடி விளக்கேற்றி நினைப்பதா? திருகோணமலையில் இருந்து யோசித்தால் பத்திரிகையாளர் சுகிர்தராஜன்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்.

2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பில் சொன்னார்கள். உடல்களில் இருந்தவை சூட்டுக்காயங்கள் என்று காட்டியவை 'சுடர் ஒளி' நாளிதழில் வெளியான, சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் தேதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையை மறைக்கக்கூடாது என்பதுதான் அவருடைய கொள்கை.

தூபியின் பலம் பெரியது. நடுகல் நட்டு, பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. அந்த வழியாக நடக்கும் சின்னப் பிள்ளைகூட "இது யார்?" என்று கேட்கும். ஆனால் கல்லை இடிக்கலாம். 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழகத்தில் போரில் இறந்தவர்களுக்காக இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை ஒரே இரவில் இடித்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே மீண்டும் கட்டினார்கள்.

விளக்கை இடிக்க முடியாது. சரி, அதைத் தடுக்கலாம். அப்படித் தடுத்தாலும் வீட்டுக்குள் ஏற்றலாம். எனக்கு உள்ள பயம் வேறு: ஏற்றுகிறவர்களுக்கு வயதாகிறது. அவர் ஏன் கொல்லப்பட்டார் என்பதைச் சொல்லாமல் சுடரை மட்டும் காட்டினால், அது பிள்ளைகளுக்கு வெறும் சடங்காகிவிடும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் விளக்கையே எடுப்பேன். பக்கத்தில் அந்தப் படங்களும் இருக்க வேண்டும்.