பி450 மதர்போர்டு: பல வருடம் ஓட்டிய பிறகு

2018 இறுதியில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, ஏஎம்டி பிராசசர்களுக்கான பி450 ரக மதர்போர்டில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை என்று மற்ற எல்லாமே இடையில் மாறிவிட்டன. புதிதாக பிசி அசெம்பிள் செய்பவர்கள் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் காசை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் ஏதோ ஒரு போர்டு என்று போகிறார்கள். நான் பிராசசர் உட்காரும் சாக்கெட்டை முதலில் பார்க்கச் சொல்வேன்.

அன்று இன்டெல் பக்கம் போகாததற்கே அதுதான் காரணம். 2017-இல் எட்டாம் தலைமுறை பிராசசர் வந்தபோதும் சாக்கெட் அதே எல்ஜிஏ 1151தான். ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு வாங்கிய போர்டில் அது ஓடாது. ஏஎம்டியோ ஏஎம்4 சாக்கெட்டை 2020 வரை வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தது. அதை நம்பி ரைசன் 5 2600 பிராசசரைப் போட்டேன். 2020 மே மாதம் அவர்களும் ஒரு குண்டைப் போட்டார்கள்: அடுத்த தலைமுறை பிராசசர்கள் பி450-இல் வராதாம். வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா? அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். அதனால் இன்று அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. வீடியோ எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்வரும் பழக்கமும் போயிற்று.

இப்படி மாற்றும்போது பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே, போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. பளபளக்கும் ஆர்ஜிபி விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுக்கலாம்.

அடுத்து விஆர்எம், அதாவது பிராசசருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி. மலிவான போர்டுகளில் அதன் மேல் ஹீட்சிங்க்கே இருக்காது. நான் போட்ட இரண்டு பிராசசருமே 65 வாட் ரகம், போர்டில் ஹீட்சிங்க்கும் உண்டு. ஏசி இல்லாத அறையில் மே மாத வெயிலிலும் தொல்லை இல்லை. 105 வாட் பிராசசர் போடும் எண்ணமிருந்தால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வருடங்கள் போகப் போகத்தான் தெரியவரும் சங்கதிகளும் உண்டு. ஒரு ஐப்பசி இடியில் இன்டர்நெட் கேபிள் வழியாக வந்த மின் அதிர்ச்சி அதைச் செருகும் லேன் போர்ட்டைக் கொன்றுவிட்டது. மூன்று வருட வாரண்டி அதற்குள் முடிந்திருந்தது. கூடுதல் கார்டுகளைச் செருகும் சின்ன பிசிஐஇ ஸ்லாட் ஒன்று காலியாக இருந்ததால் மலிவான நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகிச் சமாளித்தேன். அப்புறம் ஒருநாள் கணினியின் தேதி பின்னோக்கி ஓடியது, ரேம் வேகமும் குறைந்தது. போர்டு போய்விட்டதென்று பயப்பட வேண்டியதில்லை. சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றி, ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை பயாஸில் மறுபடி ஆன் செய்தால் போதும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியும் பயாஸிலேயே இருந்தது.

குறைகளும் உண்டு. இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டுகளில் இரண்டு செத்துவிடும். மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கிறது. வாங்கும் முன்பே மேனுவலை இறக்கிப் படிப்பது நல்லது. பின்புறம் எச்டிஎம்ஐ இருக்கிறது, ஆனால் நான் போட்ட பிராசசர்களில் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் அது சும்மா ஓர் ஓட்டைதான். பி450-இல் கார்டு ஸ்லாட்டின் வேகம் பழைய பிசிஐஇ 3.0 மட்டுமே. பெரிய கார்டுகளுக்கு இது அதிகம் உறைக்காது. நான்கே பிசிஐஇ தடங்கள் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கிராபிக்ஸ் கார்டுகள் நன்றாகவே வேகம் இழக்கும்.

இன்று புதிதாக வாங்குவதென்றால் ஏஎம்5 சாக்கெட்டில் ஒரு பி650 அல்லது பி850 போர்டு எடுப்பேன். 2022-இல் வந்த இந்தச் சாக்கெட்டை 2027-உம் அதற்கு மேலும் தாங்குவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 மூன்று தலைமுறையோடு நின்று, 2024-இல் எல்ஜிஏ 1851 வந்துவிட்டது. ஏஎம்5-இல் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடலாம். நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கும் நிரப்பினால் வேகம் குறையும். தேவையான அளவை இரண்டு ஸ்டிக்கிலேயே வாங்கி, பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள்.