ஸ்மால்ஸா, பிஞ்ச்பேக்கா?

படகுத் தொழிலிலிருந்து அமெரிக்க மாநில அரசியலுக்கு வந்த கறுப்பினத் தலைவர் ஒருவரைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேச வேண்டியிருந்தது. தென் கரோலினாவின் ராபர்ட் ஸ்மால்ஸ், லூசியானாவின் பி.பி.எஸ். பிஞ்ச்பேக் இருவரில் நான் ஸ்மால்ஸையே எடுத்துக்கொண்டேன்.

சாகசத்தில் போட்டியே இல்லை. அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களிடையே உள்நாட்டுப் போர் நடந்த 1862இல், மே 13 விடிவதற்குள், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரம் பார்த்து, அடிமையாக இருந்த ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தெற்குப் படையின் 'பிளான்டர்' நீராவிக் கப்பலைக் கிளப்பினார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தெற்குப் படை காவலிருந்த சம்டர் கோட்டைக்கு உரிய சங்கொலியைப் பிசகாமல் கொடுத்து, குடும்பத்தோடும் தோழர்களோடும் வடக்குக் கடற்படையிடம் சேர்ந்தார். பின்னர் அதே கப்பலுக்குக் கேப்டனும் ஆனார். பிஞ்ச்பேக் மிசிசிப்பிப் படகுகளில் பணியாளராக இருந்தவர். அவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது படையில்தான்.

பதவி உயரத்தில் பிஞ்ச்பேக் முந்துகிறார். 1872 டிசம்பரில் ஆளுநர் வார்மத் மீது பதவிநீக்க நடவடிக்கை வந்தபோது, ஏறத்தாழ ஐந்து வாரம் லூசியானாவின் ஆளுநர் பொறுப்பை வகித்தார்.

ஆனால் கறுப்பினத் தலைவர்களிடமிருந்து அதிகாரம் கைநழுவிய பிறகு யார் எங்கே நின்றார் என்பதே எனக்கு முக்கியம். பிஞ்ச்பேக் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்மால்ஸ் பிறந்த ஊரான போஃபோர்ட்டை விடவில்லை. எந்த எஜமானரின் வீட்டுப் பின்புறக் குடிசையில் பிறந்தாரோ, அந்த வீட்டையே வரி ஏலத்தில் வாங்கி வாழ்ந்தார். பழைய உரிமையாளர் தரப்பு தொடுத்த வழக்கில் 1878இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தென் கரோலினாவின் 1868 அரசியலமைப்பு மாநாட்டில் எல்லாருக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டும் என்று வாதாடியவர், 1895 மாநாட்டில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்க முனைந்தபோது மறுபடி எழுந்து நின்று எதிர்த்தார். அப்போது அங்கிருந்த கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறே பேர். தோற்பது உறுதி என்று தெரிந்தும் பேசிய அந்த ஸ்மால்ஸ்தான், கப்பலைக் கடத்திய இளைஞரைவிட என்னை அதிகம் கவர்கிறார்.

1877இல் லஞ்ச வழக்கில் அவர் தண்டிக்கப்பட்டார். 1879இல் மன்னிப்பு கிடைத்தது. அது அரசியல் பழிவாங்கல் என்றே நினைக்கிறேன், ஆனால் விசாரணை ஆவணங்களை நான் படித்ததில்லை.

பிஞ்ச்பேக்கை நான் படித்ததும் குறைவே. லூசியானாவின் 1879 அரசியலமைப்பு மாநாட்டில் அவர் பாடுபட்டதன் பயனாக உருவான சதர்ன் பல்கலைக்கழகம் இன்றும் இயங்குகிறது. கல்வி வரலாறு பேச விரும்புபவர்கள் அவரை எடுத்துக்கொள்ளலாம்.