கல்லில் சிப்பி பார்க்க ஒரு பத்து மடங்கு லென்ஸ்

மடக்கி வைக்கிற கை லென்ஸ், ஆன்லைனில் 650 ரூபாய். பத்து மடங்கு, உள்ளே மூன்று கண்ணாடிகள் ஒட்டியது. பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்து ஓடைகளில் புதைபடிவச் சிப்பிகளைத் தேடித் திரியும்போது கழுத்தில் கிடக்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

முன்பு வைத்திருந்ததில் ‘30 மடங்கு’ என்று பொறித்திருந்தது. அதை நம்ப வேண்டாம். 250 மில்லிமீட்டரை மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் வரும்: பத்துக்கு 25, முப்பதுக்கு எட்டுச் சொச்சம். வெயிலில் பிடித்து, தாளில் ஒளிப்புள்ளி கூர்மையாக விழும் தூரத்தை அளந்தேன். 25-க்குக் கிட்டத்தில் நின்றது, அதாவது அதுவும் பத்து மடங்குதான். ஓரத்தில் வானவில் நிறம் வேறு.

புதியதில் ஓரம் வரைக்கும் தெளிவு. காரையில்தான் அதன் அருமை தெரியும். அங்கே டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் களிப்பாறைக்குள் ஜிப்சம் என்கிற மென்மையான கனிமம் நார் நாராக ஓடுகிறது. இனோசெரமஸ் என்கிற சிப்பியின் உடைந்த ஓடும் நார் நாராகத்தான் இருக்கும். வெறுங்கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். லென்ஸில் பார்த்தால், ஓட்டின் நார்கள் தனித்தனிப் பட்டகங்கள். அவற்றின் பலகோண முனைகள் மேற்பரப்பில் நெருக்கியடித்து நிற்கும். அப்புறமும் சந்தேகமா, நகத்தால் கீறுங்கள். ஜிப்சத்தில் கோடு விழும், கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமத்தாலான ஓட்டில் விழாது.

துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கிடக்கிற பெலம்நைட்டுக்கும் இதே லென்ஸ் போதும். உடைந்த முனையில் நடுப்புள்ளியிலிருந்து நார்கள் சுற்றிலும் விரிந்து போகும். கணவாயின் தூரத்து உறவு அது, சிப்பி இல்லை.

சில சிப்பிகளில் ஓடே இருக்காது, உள்ளே இறுகிய மண்ணின் அச்சு மட்டும்தான். அரகோனைட் என்கிற இன்னொரு சுண்ணாம்புக் கனிமத்தாலான ஓடு எளிதில் கரைந்துவிடும். கிரைஃபியா போன்ற சிப்பிகளின் கால்சைட் ஓடு தாக்குப்பிடிக்கும். கையில் இருப்பது ஓடா அச்சா என்பது விளிம்பில் அடுக்குகள் தெரிகிறதா என்று பார்த்தாலே புரிந்துவிடும்.

ஒன்று, லென்ஸைக் கல்லருகே வைத்துக் குனியாதீர்கள். கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை மேலே கொண்டுவாருங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

குறை? திருகு அடிக்கடி தளர்கிறது, பைசா நாணயத்தால் முறுக்க வேண்டியிருக்கிறது. தோலுறை என்று விளம்பரத்தில் போட்டது வெறும் ரெக்ஸின். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.