பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்: பழைய மேஸியைப் பட்டறையில் விட்ட அனுபவம்

வீட்டில் பழைய மேஸி 1035 டிராக்டர் நிற்கிறது, அதைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். சேலத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் எங்கள் வண்டியை விட்டோம். திரும்பி வந்தபோது பானெட்டும் மட்கார்டும் சிவப்பில் ஜொலித்தன. உள்ளே இருந்த நல்ல சாமான்தான் காணாமல் போயிருந்தது. பட்டறையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

வாழப்பாடி பக்கம் எங்கள் காட்டுக்காக அப்பா வாங்கிய வண்டி அது. மரவள்ளிக்கு உழவு, மஞ்சளுக்குப் பார், அப்புறம் சேகோ ஆலைக்குக் கிழங்கு லோடு என்று எல்லாம் அதில்தான். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி, மேஸி பெர்குசன் கூட்டில் கொண்டுவந்த வண்டிகளில் நம் பக்கம் அதிகம் பழகியது இந்த 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். ஒழுங்காக ஆயில் மாற்றினால் தலைமுறை தாண்டி ஓடும்.

இந்த வண்டியில் எனக்குப் பிடித்தது இன்ஜினைவிட அதன் ஹைட்ராலிக். ஹாரி பெர்குசன் கொண்டுவந்த டிராஃப்ட் கண்ட்ரோல் முறை அது. 1946-ல் இங்கிலாந்தில் வந்த அவருடைய டிஇ20 டிராக்டரிலேயே இருந்தது. சேர்வராயன் அடிவாரத்து மண் தெரியுமல்லவா, உழுதுகொண்டே போனால் நாலு அடி நல்ல செம்மண், ஐந்தாவது அடியில் ஓடைக்கல். கலப்பை கெட்டியான இடத்தில் மாட்டியதும், கலப்பையை மேல்பக்கம் வண்டியோடு இணைக்கும் டாப் லிங்க் முன்னால் தள்ளி, பின்பக்கத்து ஸ்பிரிங்கை அமுக்கும். அந்த அமுக்கலே உள்ளே வால்வைத் திறந்து, கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். கெட்டி தாண்டியதும் தானாக இறங்கும். ஓட்டுபவர் லீவரில் கை வைக்கவே வேண்டாம். அந்த உலோகக் கூட்டுக்குள் ஒரு ஒயர் கூடக் கிடையாது.

பட்டறைக்காரர் முதலில் வெள்ளைத் தாளில் எழுதித் தந்தது இவ்வளவுதான்: இன்ஜின் ஃபுல், கியர்பாக்ஸ் ஃபுல், ஹைட்ராலிக், டிங்கரிங், பெயின்ட். மொத்தம் 2,10,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். வேலை நடக்கும்போது பார்க்க வருகிறேன் என்றால், "எல்லாம் பிரிச்சுக் கிடக்குதுங்கண்ணா, இப்ப வந்து என்ன பார்ப்பீங்க, பெயின்ட் முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்பார். இந்த ஒரு பேச்சுக்காகவே ஒரு பட்டறையைத் தவிர்க்கலாம் என்பது இப்போது என் கருத்து.

வந்த புதிதில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓட்ட ஓட்டத்தான் தெரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் முள் நன்றாக நிற்கும். இன்ஜின் சூடேறி ஐடிலில் நின்றால் முள் படுத்துவிடும். கலப்பை மாட்டி உழுதால் டிராஃப்ட் வேலையே செய்யவில்லை. கல் தட்டினால் முன்சக்கரம் தூக்குகிறது, கலப்பை அசைவேனா என்கிறது.

ஆத்தூரில் அப்பாவுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் இன்ஜின் பக்கமே போகவில்லை. கியர்பாக்ஸ் போல்ட்டுகளின் இடுக்கை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். புது சாம்பல் பெயின்ட் ஏடாக உரிந்து வந்தது. அதன் அடியில் எங்கள் காட்டுச் செம்மண்ணும் காய்ந்த கிரீஸும் அப்படியே இருந்தன. ஃபுல் என்று பணம் வாங்கிய கியர்பாக்ஸில் ஸ்பேனரே படவில்லை.

அப்புறம் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை இறக்கி, ஒரு பேரிங் ஷெல்லைக் கழற்றி முதுகைத் திருப்பிக் காட்டினார். 030 என்று பொறித்திருந்தது. இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்கை ஆயிரத்தில் 30 பங்கு அங்குலம் கிரைண்டிங் செய்து தேய்த்த பிறகு போடும் ஷெல் அது. வழக்கமாக 10, 20, 30 என்று படிப்படியாகப் போவார்கள். எங்கள் கிராங்க் ஒருமுறைகூட கிரைண்டிங்குக்குப் போனதில்லை. அப்பா கடைசியாகப் பேரிங் மாற்றியபோது போட்டது கிரைண்டிங் பார்க்காத கிராங்குக்கான ஸ்டாண்டர்டு ஷெல், அந்த பில் டைரிக்குள் இருக்கிறது. "இது உங்க கிராங்க் இல்லைங்க தம்பி. யாருதோ கழிச்சு விட்டது" என்றார். கிராங்க் ரொம்பக் கீறல் விழுந்திருந்தால் ஒரேயடியாக 30-க்குப் போவதும் உண்டுதான். அப்படியானால் லேத் பட்டறை பில் இருக்க வேண்டுமே? கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

டீசல் பம்பிலும் அதே கதை. எங்களுடையது சி.ஏ.வி. கம்பெனியின் ரோட்டரி பம்ப். முன்பு அதை டீசல் அளவு சரிபார்க்கும் காலிபிரேஷனுக்குக் கொடுத்தபோது கடைக்காரர் பெயர்த்தகட்டில் இருந்த நம்பரை ரசீதில் எழுதியிருந்தார். இப்போது வண்டியில் இருக்கும் பம்பில் தகடே இல்லை, ரிவெட் அடித்த ஓட்டை மட்டும் இருக்கிறது. டிராஃப்ட் லீவரோ சும்மா முன்னும் பின்னும் போகிறது, உள்ளே அதோடு சேர வேண்டிய இணைப்பை எடுத்துவிட்டார்கள்.

பட்டறைக்காரரிடம் போய்ப் பழைய சாமான் எங்கேங்க என்று கேட்டோம். "அதெல்லாம் தேஞ்சதுங்கண்ணா, இரும்புக் கடைக்குப் போட்டாச்சு." தேய்ந்த சாமானுக்கு இரும்பு விலைதான் கிடைக்கும். ஆனால் கிரைண்டிங் பார்க்காத கிராங்க், நம்பர் தகடோடு இருக்கும் பம்ப் என்றால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். அவருக்கு லாபம் கூலியில் வரவில்லை, எங்கள் வண்டிக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறது என்பது என் கணக்கு.

ஆகவே விடுவதாக இருந்தால் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், பம்ப் தகடு எல்லாவற்றையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றும் பழைய சாமான் ஒவ்வொன்றும் திரும்ப வர வேண்டும் என்று எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்குங்கள். இன்ஜின் திறந்த அன்று நேரில் நின்று கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெயின்ட்டுக்கு முன்னால் வண்டியை வெறும் பிரைமரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்தை அதற்கு அப்புறம் கொடுங்கள். இன்ஜின் நம்பர் பொறித்த பிளாக்கையே மாற்றிவிட்டால் தலைவலி இன்னும் பெரிது. டிராக்டர் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆர்.சி.யில் உள்ள நம்பரும் பிளாக்கில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாட்டிக்கொள்வீர்கள். எங்களுக்கு அந்த நம்பர் மட்டும் சரியாக இருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். வெள்ளைத் தாள் எஸ்டிமேட்டையும் தூக்கிப் போடாதீர்கள், நாங்கள் அதையும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தையும் பழைய பம்ப் ரசீதையும் வைத்துத்தான் மனு கொடுத்திருக்கிறோம். ஷெல்லைக் கழற்றியபோது எடுத்த வீடியோவும் கூட இருக்கிறது.

வண்டி இப்போது ஆத்தூரில் நிற்கிறது. 30-க்கு மேல் அந்தக் கிராங்கை நம்பி கிரைண்டிங் செய்ய மாட்டேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். ஸ்டாண்டர்டு கிராங்க் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். யார் விற்க வந்தாலும், எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறோம்.