விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு: உடனே மாறுவதா, பொறுத்து மாறுவதா, தங்கியே இருப்பதா?

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதனால் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. மறுநாள் காலையிலும் அவை வழக்கம்போலவே இயங்கின; நின்றுபோனவற்றில் முக்கியமானவை மாதந்தோறும் தானாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். அந்த நிறுத்தம் கண்ணுக்குத் தெரியாதது என்பதால்தான் பல வீடுகளில் இந்த முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தள்ளிப்போடுவது சில நேரம் அறிவுடைமை, சில நேரம் ஆபத்து. எது எப்போது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த அலசலின் நோக்கம்.

அலுவலகங்களில் இந்த முடிவை எடுக்கவும் தவறினால் சரிசெய்யவும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் பெரும்பாலும் இருப்பது ஒரே கணினி. பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கணக்கு, பல ஆண்டுப் புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தக் கணினியை மனத்தில் வைத்தே வெவ்வேறு வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

முதல் வழி, புதிய பதிப்பு வெளியானதும் மாறிவிடுவது. புதிய வசதிகளும் நீண்ட ஆதரவுக் காலமும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெளியீட்டு நாளில் கிடைப்பது பலவகை வன்பொருள்களில் இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படாத ஒன்று. 2018 அக்டோபர் தொடக்கத்தில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சில கணினிகளில் பயனர்களின் சொந்தக் கோப்புகளையே அழித்தது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்த மைக்ரோசாஃப்ட், நவம்பர் நடுவில்தான் மறுபடியும் வெளியிட்டது. 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது ஏ.எம்.டி. ரைசன் புராசஸர் கொண்ட கணினிகளில் சில பணிகள் முன்பைவிட மெதுவாயின. அதற்கான திருத்தம் வர இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. மெதுவானதைப் பொறுத்துக்கொள்ளலாம், காப்புப்பிரதி இல்லாத வீட்டில் கோப்புகள் அழிந்தால் அந்த இழப்பை யாரும் ஈடுசெய்ய முடியாது. வேறொரு கணினியும் ஆர்வமும் உள்ளவர்களுக்கே இந்த வழி பொருந்தும்.

இரண்டாவது வழி, சில மாதங்கள் பொறுத்து மாறுவது. இதைத்தான் நான் பெரும்பாலான வீடுகளுக்குப் பரிந்துரைப்பேன். இது வெறும் எச்சரிக்கை உணர்வால் சொல்வதன்று, தயாரிப்பாளர்களே பின்பற்றும் நடைமுறை. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 24.04, 2024 ஏப்ரலில் வெளியானது. ஆனால் முந்தைய நீண்டகாலப் பதிப்பில் இருந்தவர்களுக்கு அதற்கு மாறும் அழைப்பு, பிழைகள் களையப்பட்ட 24.04.1 வெளியான ஆகஸ்டுக்குப் பிறகே காட்டப்பட்டது. விண்டோஸிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. 2024 அக்டோபர் 1 அன்று வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நாளில் தரப்படவில்லை. குறிப்பிட்ட டிரைவர்களோடும் (வன்பொருள்களை இயக்க உதவும் நிரல்கள்) மென்பொருள்களோடும் மோதல் இருப்பது தெரிந்த கணினிகளுக்கு, சிக்கல் தீரும்வரை மைக்ரோசாஃப்டே அதைத் தடுத்துவைத்தது. ஆகவே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் புதிய பதிப்பு இன்னும் தென்படவில்லையென்றால், உங்கள் கணினிக்கு நேரம் வரவில்லை என்பதாகவும் இருக்கலாம். பொறுமையிழந்து நிறுவல் கோப்பைத் தனியே பதிவிறக்கி வலிந்து நிறுவுவது அந்தப் பாதுகாப்பைத் தாண்டிச் செல்வதாகிவிடும்.

பொறுப்பதால் இழப்பதும் அதிகமில்லை. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், ப்ரோ பயனர்களுக்கு 24 மாத ஆதரவு உண்டு. ஆறு மாதம் காத்திருந்து மாறினாலும் ஒன்றரை ஆண்டு கையிருப்பில் இருக்கும். ஆனால் இந்தப் பொறுமைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. காத்திருக்கும் காலம் முழுவதும் பழைய பதிப்புக்கு மாதாந்திரத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும். அவை நின்றபின் காத்திருப்பதைப் பொறுமை என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10-ஐப் பொறுத்தவரை அந்த எல்லை கடந்துவிட்டது. விண்டோஸ் 11-உம் வெளியாகி நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழகிய அமைப்பாகிவிட்டதால், தகுதியுள்ள கணினியை வைத்துக்கொண்டு இன்னும் காத்திருப்பதற்குக் காரணம் எதுவும் எஞ்சவில்லை.

மூன்றாவது வழியான தங்கியிருத்தல்தான் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் என்ற திட்டத்தின்கீழ் வீட்டுப் பயனர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். இதற்கு 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் சேவைகளைப் பயன்படுத்துவோருக்குப் பரிசாகச் சேரும் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 செலவிடலாம். அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டு கட்டணமின்றியே பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம் என்பதை விரும்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களது தயக்கம் நியாயமானதே. திட்டத்தில் வருவதும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான், வேறு பழுதுகளுக்கோ சந்தேகங்களுக்கோ உதவி கிடைக்காது. இந்தத் திட்டத்தில் சேர்ந்து தங்குவதற்கும் சேராமலே தங்குவதற்கும் உள்ள வேறுபாடு, விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது என்றே சொல்வேன்.

சேராமல் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் சமாதானம், ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பது. ஆனால் இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைப்பதில்லை. 2017 மார்ச்சில் விண்டோஸின் ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாக்ரை பணப்பறிப்பு மென்பொருள் உலகெங்கும் பரவியது. அப்போது பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆதரவிலிருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றில் அந்தத் திருத்தம் நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். திருத்தம் இருந்தும் நிறுவாதவர்களின் நிலை அது என்றால், திருத்தமே வராத கணினியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், விண்டோஸ் 10-உம் 11-உம் உள்ளுக்குள் பெரும்பகுதி ஒரே நிரல்களைப் பகிர்ந்துகொள்பவை. 11-க்கு மாதந்தோறும் வரும் திருத்தங்களை ஆராய்பவர்களுக்கு, 10-இல் அடைபடாமல் கிடக்கும் அதே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பிரவுசர்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதும் ஒரு பொய்யான நிம்மதியைத் தருகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தபோதும், குரோம் அதை 2023 தொடக்கம்வரை கைவிடவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் பிரவுசர் புதிதாகவும் அதன் கீழிருந்த இயங்குதளம் பாதுகாப்பற்றதாகவும் இருந்தன. எனவே நீட்டிப்புத் திட்டத்தை ஒரு குறிப்பிட்ட தேவை முடியும்வரைக்கான இடைக்கால ஏற்பாடாகக் கொள்வதே சரி. பழைய ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் இல்லை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை இன்னும் மாற்றி முடிக்கவில்லை என்பன போன்ற காரணங்கள் அதற்குப் போதும். புதிய திரை அமைப்பைக் கண்டு மிரளக்கூடிய முதியவர்களுக்கும் சிறிது காலம் கொடுக்கலாம், ஆனால் அவர்கள்தான் மோசடிகளுக்கு எளிதில் இலக்காகிறவர்கள் என்பதால் திருத்தமில்லாத கணினியை அவர்களிடம் விட்டுவைக்கக் கூடாது.

கணினிக்கே தகுதி இல்லையென்றால் என்ன செய்வது? விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (தொடங்கும்போதே நம்பகமான நிரலா என்று சரிபார்க்கும் வசதி), இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் ஆகிய நிபந்தனைகளால் நன்றாக ஓடும் பல கணினிகள் வெளியே நிற்கின்றன. மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் செயலி தகுதியைச் சொல்லிவிடும். டி.பி.எம். இல்லை என்று அந்தச் செயலி காட்டினால் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். பல கணினிகளில் டி.பி.எம். இருந்தும், கணினி தொடங்கும்போது இயங்கும் பயாஸ் அமைப்பில் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். புராசஸரே பழையது என்றால், சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே கூறிவிட்டதால், திருத்தங்களுக்காகச் செய்யும் மாற்றத்தின் பயனையே அது கேள்விக்குறியாக்கிவிடும்.

அத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நேர்மையான மாற்று. உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கி வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். இணையம், காணொளி, கடிதம், கணக்குத்தாள் என்ற அளவில் பயன்படும் வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பிக் கணக்கு எழுதுபவருக்குப் போதாது. அவர் நீட்டிப்புக் காலத்துக்குள் புதிய கணினி வாங்கத் திட்டமிடுவதே நல்லது.

எந்த மாதத்தில் மாறுவது என்பதும் வழியைத் தேர்வதைப் போலவே முக்கியம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வாரங்களையும் தவிர்க்க வேண்டும். தேவையான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதி இயங்குகிறதென்றால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மேம்படுத்தியபின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், வங்கித் தளம், தமிழ்த் தட்டச்சு என்று வீட்டில் பயன்படும் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது இயக்கிப் பார்த்துவிட வேண்டும். திரும்புவதற்குத் தேவையான பழைய கோப்புகள் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற பெயரில் பல ஜி.பி. இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், இடம் போதவில்லை என்று அதை முன்னதாகவே நீக்கிவிட்டால், விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவி, வெளி டிஸ்க்கில் வைத்த நகலிலிருந்து கோப்புகளை எடுத்துவைப்பதுதான் எஞ்சும் வழி.